கையைக் கடிக்காமல் சிங்கப்பூர்: முதன்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சிங்கப்பூர் செலவு பிடிக்கும் ஊர் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அங்கே எல்லாமே விலை அதிகம் என்று நினைத்துக்கொண்டு பயணத்தைத் தள்ளிப்போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். பணம் கரைவது ஐந்தாறு வழிகளில்தான்: தங்கும் அறை, டாக்சி, மது, சிகரெட், ஏசி உணவகம், டிக்கெட் எடுத்துப் பார்க்கும் இடங்கள். ரயில், பேருந்து, உணவங்காடி (ஹாக்கர் சென்டர் எனப்படும், சிறு உணவுக் கடைகள் கூடிய இடம்) சாப்பாடு, பூங்கா, குழாய்த் தண்ணீர் ஆகியவை வேறு கணக்கில் வரும். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் உள்ளூர் மக்களுக்காகக் கட்டுப்படியாகும் விலையில் வைத்திருப்பவை அவை. அவற்றை நாமும் தாராளமாகப் பயன்படுத்தலாம். இந்த இரண்டு பட்டியலையும் மனதில் வைத்துக்கொண்டு திட்டம் போட்டால் பாதி வேலை முடிந்தது.

ஒரு தோராயக் கணக்கு சொல்லிவிடுகிறேன். விமானமும் விசாவும் நீங்கலாக, விடுதியில் ஒரு படுக்கைக்கு 30 முதல் 50 வெள்ளி, மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் டீ காபிக்கும் 18 முதல் 20 வெள்ளி, ரயில் பஸ்ஸுக்கு 6 வெள்ளி. ஆக ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 முதல் 75 வெள்ளிக்குள் நன்றாகவே சுற்றலாம். (சிங்கப்பூர் டாலரை அங்கே தமிழர்கள் வெள்ளி என்பார்கள், சென்ட்டைக் காசு என்பார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.) ஒரு வெள்ளியை 70 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கிளம்பும் நேரத்து மாற்று விகிதத்தை ஒருமுறை பார்த்துத் திருத்திக்கொண்டால் போதும்.

முதலில் தேதி, அப்புறம் டிக்கெட்

எந்த வாரம் போகிறீர்கள் என்பது விடுதிக் கட்டணத்தை அப்படியே புரட்டிப் போட்டுவிடும். எஃப்1 கார்ப் பந்தயம் நடக்கும் வாரம், சீனப் புத்தாண்டை ஒட்டிய நாட்கள், பள்ளி விடுமுறைக் காலம், டிசம்பர் கடைசி ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். சனி ஞாயிறு இரவுகளை விட வாரநாள் இரவுகள் மலிவு. திங்கள் இறங்கி வெள்ளி திரும்புவது போல அமைத்தால் வித்தியாசம் கண்கூடாகத் தெரியும்.

வானிலையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். ஆண்டு முழுக்க வெயிலும் புழுக்கமும்தான். நவம்பர் முதல் ஜனவரி வரை மழை கூடுதல். எந்த மாதம் போனாலும் மடக்குக் குடை கையில் இருக்கட்டும்.

விமானத்தைப் பொறுத்தவரை சென்னை, திருச்சி, கோவை மூன்றிலிருந்தும் நேரடிச் சேவை உண்டு. மலிவு விமானங்களில் காட்டும் கட்டணம் பெரும்பாலும் கைப்பைக்கு மட்டுமே. பெட்டி, இருக்கை, சாப்பாடு எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்த பிறகே எது மலிவு என்று முடிவு செய்யுங்கள். நான்கு நாள் பயணத்துக்கு ஏழு கிலோ பையே தாராளம்.

விசாவும் வருகை அட்டையும்

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு விசா வேண்டும். இலங்கை, மலேசியப் பாஸ்போர்ட்டுக்குக் குறுகிய காலப் பயணத்துக்கு விசா தேவையில்லை. இந்தியாவிலிருந்து அங்கீகரிக்கப்பட்ட முகவர் மூலமாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். அரசுக் கட்டணம் 30 வெள்ளி. விசா மறுக்கப்பட்டாலும் திரும்ப வராது. அதற்கு மேல் முகவர் வாங்குவது அவருடைய சேவைக் கட்டணம். அது ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் இரண்டு மூன்று இடங்களில் விசாரியுங்கள். பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடி இருக்க வேண்டும். புகைப்படம் அவர்கள் சொன்ன அளவில், வெள்ளைப் பின்னணியில் இருக்கட்டும்.

விசா கையில் வந்தால் மட்டும் போதாது. இறங்குவதற்கு முன்பே, இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். இது குடிநுழைவு ஆணையத்தின் தளத்தில் முற்றிலும் இலவசம். தேடுபொறியில் தேடினால் பணம் கேட்கும் தளங்கள் அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டிக்கொண்டு முன்னால் வந்து நிற்கும். பணம் கேட்டாலே அது வேறு தளம், மூடிவிடுங்கள்.

பாஸ்போர்ட்டில் இப்போது முத்திரை குத்துவதில்லை. எத்தனை நாள் தங்கலாம் என்பது மின்னஞ்சலில் வரும். அந்த மின்னஞ்சலைத் திறந்து தேதியைப் பார்த்துவிடுங்கள், விசாவில் உள்ள தேதியும் தங்க அனுமதித்த தேதியும் ஒன்றல்ல.

பையில் என்ன போடக்கூடாது

இதை நிதானமாகப் படியுங்கள். நான்கு நாளில் மிச்சம் பிடிக்கும் பணம் முழுவதும் ஒரே அபராதத்தில் போய்விடும்.

பான் மசாலா, ஹான்ஸ், ஜர்தா போன்ற மெல்லும் புகையிலை எல்லாம் தடை. மின்சிகரெட் தடை. சூயிங்கம் கொண்டுபோக முடியாது. சிகரெட்டுக்கு வரிவிலக்கு அளவு என்று எதுவும் கிடையாது. ஒரு பாக்கெட் வைத்திருந்தாலும் சொல்லி வரி கட்ட வேண்டும். கசகசா எடுத்துப் போகாதீர்கள். வீட்டில் அரைத்த மசாலாப் பொடியில் கசகசா சேர்த்திருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். கோடீன் கலந்த இருமல் மருந்து, தூக்க மாத்திரை, சில மனநல மருந்துகள் ஆகியவற்றுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். மற்ற மாத்திரைகளை அட்டையோடு, மருத்துவர் சீட்டோடு எடுத்துச் செல்லுங்கள். அங்கே மருத்துவச் செலவு கடுமை என்பதால் காய்ச்சல், வயிற்றுப்போக்கு மருந்துகளைக் கட்டாயம் கொண்டுபோங்கள், பயணக் காப்பீடும் எடுங்கள். நெருக்கடியான பட்ஜெட்டில் போகிறவருக்குத்தான் காப்பீடு அதிகம் தேவை.

மின்செருகி மூன்று தட்டைக் கம்பி உள்ள பிரிட்டிஷ் வகை. நம் ஊர் உருளைக் கம்பி நுழையாது. அடாப்டரை ஊரிலேயே வாங்கிவிடுங்கள். காலி தண்ணீர் பாட்டில் ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அருமை போன பிறகு தெரியும்.

தங்குமிடம்

செலவில் பெரும்பங்கு இதற்குத்தான் போகிறது, அதனால் நேரம் எடுத்துத் தேடுங்கள். முதலில் ஓர் எச்சரிக்கை: சிங்கப்பூரில் தனியார் வீடுகளை மூன்று மாதத்துக்குக் குறைவாகவும், வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி வீடுகளை ஆறு மாதத்துக்குக் குறைவாகவும் வாடகைக்கு விடுவது சட்டவிரோதம். யாரோ வீட்டில் அறை மலிவாக இருக்கிறது என்று இணையத்தில் வந்தால் ஒதுங்கிவிடுங்கள்.

தனியாகவோ நண்பர்களோடோ போகிறவர்களுக்குப் ஒரே அறையில் பல படுக்கை போட்ட விடுதிகளும் பெட்டி போன்ற தனிப் படுக்கை (கேப்சூல்) விடுதிகளும் சரியானவை. பெண்களுக்கு மட்டுமான அறைகள் பல இடங்களில் உண்டு. லிட்டில் இந்தியா, ஜாலான் புசார், லாவண்டர், சைனாடவுன் பகுதிகளில் தேடுங்கள். என் தேர்வு லிட்டில் இந்தியாவும் ஜாலான் புசாரும் சந்திக்கும் பகுதி. தமிழ்ச் சாப்பாடும் உணவங்காடியும் நடக்கும் தூரத்தில், மூன்று ரயில் பாதைகள் கைக்கெட்டும் தூரத்தில். ஞாயிறு மாலை மட்டும் அந்தப் பகுதியில் கூட்டம் நெரியும். வாரம் முழுக்க உழைத்த நம் ஊர்த் தொழிலாளர்கள் நண்பர்களைப் பார்க்கவும் ஊருக்குப் பணம் அனுப்பவும் வந்து சேரும் நேரம் அது.

கேலாங் பகுதியில் அறைகள் மலிவாகத் தெரியும். அதன் சில சந்துகள் சிவப்பு விளக்குப் பகுதி. குடும்பத்தோடு போகிறவர்கள் தவிர்க்கலாம்.

முன்பதிவு செய்யும்போது மூன்று விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, அறைக்கு ஜன்னல் இருக்கிறதா? மலிவு ஓட்டல்களில் ஜன்னலே இல்லாத அறைகள் சகஜம். தூங்க மட்டும் என்றால் பரவாயில்லை, குழந்தைகளோடு என்றால் மூச்சு முட்டும். இரண்டு, லிஃப்ட் உண்டா? பழைய கடைவீடுகளை விடுதியாக்கியிருக்கும் இடங்களில் குறுகலான படிக்கட்டில் பெட்டியைத் தூக்க வேண்டிவரும். மூன்று, ரயில் நிலையத்துக்கு எத்தனை நிமிட நடை? பத்து நிமிடத்துக்கு மேல் என்றால் அந்த வெயிலில் கால் சலித்து டாக்சி பிடிக்கத் தோன்றும், மிச்சம் பிடித்தது அங்கே போய்விடும்.

எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூர் பாருவில் தங்கினால் அறை மலிவு என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் தினமும் இரண்டு குடிநுழைவுச் சோதனை, பாலத்தில் நெரிசல், பலமுறை நுழையும் விசா எல்லாம் வேண்டும். நான்கு நாள் பயணத்தில் பாதியைப் பாலத்திலேயே கழிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சாங்கியில் இறங்கியதும்

பயணத்தின் முதல் இலவசக் காட்சி விமான நிலையத்திலேயே இருக்கிறது. முதல் முனையத்தை ஒட்டியுள்ள ஜுவல் கட்டடத்தில் 40 மீட்டர் உயரத்திலிருந்து கூரை வழியே கொட்டும் அருவி; கட்டடத்துக்குள் இருக்கும் அருவிகளில் உலகிலேயே உயரமானது. 2019 முதல் மக்கள் பார்வைக்குத் திறந்திருக்கிறது, காசு கிடையாது.

பணம் மாற்ற விமான நிலையத்தில் அவசரப்படாதீர்கள். முதல் நாளுக்குத் தேவையான வெள்ளியை ஊரிலேயே மாற்றிக்கொண்டு, மீதியை லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலைப் பகுதியில் உள்ள பணமாற்றுக் கடைகளில் மாற்றுங்கள். நான்கைந்து கடைகள் அடுத்தடுத்து இருப்பதால் பலகையில் உள்ள விகிதத்தை ஒப்பிட்டுப் பார்க்க முடியும். சில்லறையில் புருணை நாட்டு நோட்டு வந்தால் பதற வேண்டாம். இரு நாடுகளும் 1967 முதல் ஒப்பந்தம் வைத்திருக்கின்றன. அந்த நோட்டு அங்கே அதே மதிப்புக்குச் செல்லும்.

நகருக்குள் போக ரயில்தான். இரண்டு முனையங்களுக்கு அடியில் நிலையம் இருக்கிறது, மற்ற முனையங்களிலிருந்து இலவசப் போக்குவரத்து உண்டு. லிட்டில் இந்தியாப் பக்கம் தங்குகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. சாங்கியிலிருந்து ஒரே ஒரு நிறுத்தம், எக்ஸ்போ. அங்கே இறங்கி நீல நிற டவுன்டவுன் பாதைக்கு மாறுங்கள். அந்தப் பாதை நகருக்குள் ஒரு வளையம் போட்டுத் திரும்புகிறது. ஜாலான் புசார் முதலில் வரும், லிட்டில் இந்தியா நிலையமோ சைனாடவுன், மரினா பே எல்லாம் சுற்றிக்கொண்டு கடைசியில்தான் வரும். உங்கள் விடுதி இரண்டுக்கும் நடுவில் இருந்தால் ஜாலான் புசாரிலேயே இறங்கி நடப்பது லாபம். நிலையப் பெயர்ப் பலகைகளில் தமிழும் இருக்கும், அறிவிப்புகளும் தமிழில் கேட்கும்.

விமானம் நள்ளிரவில் இறங்கினால்தான் சிக்கல். இரவு பதினொன்றரை வாக்கில் ரயில் நின்றுவிடும், நள்ளிரவு முதல் காலை ஆறு வரை டாக்சி மீட்டரில் பாதி கூடுதலாக ஏறும். டிக்கெட் எடுக்கும்போதே இறங்கும் நேரத்தைப் பாருங்கள். 500 ரூபாய் மலிவு என்று நள்ளிரவு விமானம் எடுத்தால் டாக்சிக்கு அதைப் போல நான்கு மடங்கு கொடுக்க நேரும்.

ரயிலும் பஸ்ஸும்

கட்டணம் தூரத்தைப் பொறுத்தது, ஏறக்குறைய ஒன்றே கால் வெள்ளி முதல் இரண்டரை வெள்ளி வரை. விசா, மாஸ்டர்கார்டு வங்கி அட்டையையே வாயிலில் தட்டிப் போகலாம். ஆனால் வெளிநாட்டு அட்டை என்றால் பயன்படுத்தும் ஒவ்வொரு நாளுக்கும் 60 காசு கூடுதல் கட்டணம் உண்டு, நம் வங்கி பிடிக்கும் மாற்றுக் கட்டணம் தனி. மூன்று நாளுக்கு மேல் தங்குகிறவர்கள் நிலையத்தில் ஈஸி-லிங்க் அட்டை வாங்கிப் பணம் ஏற்றிக்கொள்வது நிம்மதி. ஒருவருக்கு ஓர் அட்டை. ஒன்றைத் தட்டி இரண்டு பேர் போக முடியாது. 0.9 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை.

பஸ்ஸில் ஏறும்போதும் தட்ட வேண்டும், இறங்கும்போதும் தட்ட வேண்டும். இறங்கும்போது மறந்தால் அந்தப் பாதையின் கடைசி நிறுத்தம் வரைக்குமான கட்டணம் போய்விடும். ரயிலிலிருந்து இறங்கி 45 நிமிடத்துக்குள் பஸ் ஏறினால் இரண்டும் ஒரே பயணமாகக் கணக்காகும், புதிதாக அடிப்படைக் கட்டணம் விழாது. இது தெரியாமல் பலர் வெயிலில் இரண்டு கிலோமீட்டர் நடக்கிறார்கள். பஸ்ஸில் ஏறிக்கொள்ளுங்கள், கூடுதலாகச் சில காசுகள்தான். மாடி பஸ்ஸின் மேல்தளத்தில் முன் இருக்கை கிடைத்தால் அதுவே நகர்ச் சுற்றுலா.

ரயிலுக்குள் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது. 500 வெள்ளி வரை அபராதம்.

சாப்பாடு

உணவங்காடி நிலையம்தான் உங்கள் சமையலறை. தெருவோரத் தள்ளுவண்டிக்காரர்களை அரசாங்கம் ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்து, தண்ணீர், வடிகால் வசதியோடு கடை கொடுத்ததில் உருவானவை இவை. 2020-இல் யுனெஸ்கோ இதைப் பண்பாட்டு மரபாக அங்கீகரித்தது. நடுவில் மேசைகள், சுற்றிலும் சின்னச் சின்னக் கடைகள், தலைக்கு மேல் மின்விசிறி. ஒரு கடையில் ஒரு பண்டம்தான், அதையே இருபது முப்பது வருடமாகச் செய்து கை தேர்ந்தவர்களும் இருப்பார்கள்.

எப்படிச் சாப்பிடுவது என்று சொல்கிறேன். மதியம் பன்னிரண்டரைக்கு அலுவலகக் கூட்டம் வந்துவிடும், பதினொன்றரைக்குப் போய்விடுங்கள். மேசையில் ஒரு கைக்குட்டைத் தாள் பாக்கெட்டோ குடையோ இருந்தால் யாரோ இடம் பிடித்திருக்கிறார்கள் என்று பொருள், அதை நகர்த்தாதீர்கள். நீங்களும் அப்படியே பிடிக்கலாம். மேசை எண்ணைப் பார்த்துக்கொண்டு கடைக்குப் போங்கள். வயதானவர்களை அங்கிள், ஆன்ட்டி என்று கூப்பிடுவது அங்கே வழக்கம். நீண்ட வரிசை நிற்கும் கடையில் நீங்களும் நில்லுங்கள். வரிசையில் நிற்பது உள்ளூர்க்காரர்கள் என்றால் ருசியில் சந்தேகமில்லை. சாப்பிட்டதும் தட்டை நீங்களே எடுத்துப்போய்த் திருப்பி வைக்க வேண்டும், 2021 முதல் இது கட்டாயம். ஹலால் தட்டுகளுக்கும் மற்றவற்றுக்கும் தனித்தனி அடுக்கு இருக்கும், பார்த்து வையுங்கள்.

விலை? சிக்கன் ரைஸ் 4 முதல் 6 வெள்ளி. சோற்றோடு ஒரு கறி, இரண்டு காய் என்று கைகாட்டி வாங்கும் கலவைச் சோறு 4, 5 வெள்ளி. முட்டையில்லாத பரோட்டா ஒன்றுக்கு ஒன்றரை வெள்ளி வாக்கில். அங்கே பிராட்டா என்பார்கள். இரண்டு பிராட்டா, ஒரு டீ, காலை உணவு முடிந்தது.

டீ, காபி வாங்குவதில் ஒரு முறை இருக்கிறது. வெறும் கோப்பி என்றால் கெட்டிப்பாலும் சர்க்கரையும் சேர்ந்து வரும். கோப்பி ஓ என்றால் பாலில்லாமல் சர்க்கரையோடு. கோப்பி சி என்றால் இனிப்பில்லாத பதப்படுத்திய பாலோடும் சர்க்கரையோடும். சர்க்கரையே வேண்டாம் என்றால் கடைசியில் கோசோங் சேர்த்துக்கொள்ளுங்கள், ஐஸ் போட வேண்டுமானால் பெங். டீக்கும் இதே கணக்குதான், கோப்பிக்குப் பதில் தே.

நமக்கு முதல் இடம் தேக்கா நிலையம். லிட்டில் இந்தியா ரயில் நிலைய வாசலிலேயே இருக்கிறது. கீழே உணவுக் கடைகளும் காய்கறி, மீன், இறைச்சிச் சந்தையும். பிரியாணி, தோசை, இடியாப்பம் எல்லாம் கிடைக்கும். சைனாடவுனில் மேக்ஸ்வெல், கிழக்கே பழைய விமான நிலையச் சாலை உணவங்காடி இரண்டும் போக வேண்டியவை.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டும். சீன, மலாய்க் கடைகளில் காய் வதக்கலிலும் இறால் விழுதோ, சிப்பிச் சாறோ, பன்றிக் கொழுப்போ இருக்கும். காய் மட்டும் என்று சொன்னால் போதாது. பல உணவங்காடிகளில் சீனச் சைவக் கடை ஒன்று தனியாக இருக்கும், அங்கே சேமியா, கலவைச் சோறு மலிவு. சிராங்கூன் சாலையில் 1947 முதல் நடக்கும் கோமள விலாஸ் போன்ற சைவ உணவகங்கள் இருக்கின்றன. விலை உணவங்காடியை விடக் கொஞ்சம் கூட, ஆனாலும் வயிறு நிறையும்.

ஏசி உணவகத்தில் பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும், அதன் மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் சேரும். 20 வெள்ளி என்று நினைத்துச் சாப்பிட்டது 24 வெள்ளியாகும். சில சீன உணவகங்களில் கேட்காமலே மேசையில் வைக்கும் வேர்க்கடலைக்கும் ஈரத்துண்டுக்கும் காசு உண்டு. வேண்டாம் என்றால் எடுத்துப் போய்விடுவார்கள். டிப்ஸ் வைக்கும் வழக்கம் இல்லை. உணவங்காடியில் பலகையில் உள்ளதுதான் விலை. ஆனால் பல கடைகளில் உள்ளூர் கியூஆர் கட்டணமோ ரொக்கமோதான், ஆகவே 2, 5, 10 வெள்ளி நோட்டுகள் எப்போதும் கையில் இருக்கட்டும்.

தண்ணீருக்குக் காசு கொடுக்காதீர்கள். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம்.

பணம் கொடுக்காமல் பார்க்க வேண்டியவை

ஒரு மாலையை மரினா பேக்கு ஒதுக்குங்கள். உணவங்காடியில் ஆறு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு பேஃபிரண்ட் நிலையத்தில் இறங்குங்கள். கரையோரப் பூந்தோட்டங்களில் (கார்டன்ஸ் பை த பே) கண்ணாடிக் குடில்களுக்குத்தான் டிக்கெட், வெளித் தோட்டம் இலவசம். இரவு 7.45-க்கும் 8.45-க்கும் செயற்கை ராட்சத மரங்கள் இசைக்கேற்ப ஒளிரும் காட்சி நடக்கும். கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நிற்பதை விட, கூட்டத்தில் பலரும் செய்வது போலத் தரையில் ஒரு துணி விரித்துப் படுத்துப் பாருங்கள். 7.45 காட்சி பதினைந்து நிமிடத்தில் முடியும். அங்கிருந்து மேம்பாலம் வழியாக மரினா பே சேண்ட்ஸ் கடைத்தொகுதிக்குள் புகுந்து அந்தப் பக்கம் நீர்க்கரைக்குப் போனால் 9 மணிக்கு நீரூற்றும் ஒளியும் சேர்ந்த காட்சி. அதுவும் இலவசம். முடிந்ததும் சுருள் வடிவ ஹீலிக்ஸ் பாலத்தைக் கடந்து கரையோரமாகவே நடந்து சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட மெர்லயன் சிலையை அடையலாம். பராமரிப்புக்காகச் சில நாட்கள் காட்சிகள் இருக்காது, கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள்.

ஒரு காலையை சௌத் பிரிட்ஜ் சாலைக்குக் கொடுங்கள் என்று மனதாரச் சொல்வேன். சைனாடவுன் நிலையத்தில் இறங்கி ஐந்து நிமிடம் நடந்தால் ஜாமியா பள்ளிவாசல். தென்னிந்தியாவிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் 1826-இல் நிறுவியது. இரண்டு எட்டு வைத்தால் மாரியம்மன் கோயில் கோபுரம். 1819-இல் பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை 1827-இல் தொடங்கிய கோயில், சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோயில் அதுதான். அதே சாலையில் இன்னும் கொஞ்சம் தள்ளி புத்தரின் பல் இருப்பதாகச் சொல்லும் சீன பௌத்த ஆலயம். மூன்றுக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. அப்படியே தெலுக் ஆயர் தெருவுக்கு நடந்தால் 1830-இல் கட்டி முடித்த நாகூர் தர்கா. அந்தத் தெரு ஒரு காலத்தில் கடற்கரை. நாகப்பட்டினக் கரையிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் பத்திரமாக வந்து சேர்ந்ததற்கு நன்றி சொன்ன இடம். கடலை மண் போட்டுத் தூர்த்து இன்று எதிரே கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்துவிட்டன. சின்ன மினார்களோடு தர்கா அப்படியே நிற்கிறது. பல ஆயிரம் ரூபாய் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் எதிலும் நம் முன்னோர்களின் இந்தத் தடம் கிடைக்காது. தோளும் முழங்காலும் மூடிய உடை போட்டுக்கொண்டு போங்கள்.

பூமலை என்று பழைய தமிழர்கள் சொல்லும் தாவரவியல் தோட்டம் 1859-இல் தொடங்கியது, 2015 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தலம். காலை ஐந்து மணிக்கே திறந்துவிடும். ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் டிக்கெட். வெயில் ஏறுவதற்குள் போய்விட்டு வாருங்கள்.

செந்தோசாத் தீவுக்குள் ரயிலில் போனால் 4 வெள்ளி. ஹார்பர்ஃபிரண்ட் நிலையத்திலிருந்து விவோசிட்டி கடைத்தொகுதி வழியாகக் கடல்மேல் நடைபாதையில் நடந்தால் ஒன்றுமில்லை. உள்ளே போன பிறகு தீவுப் பஸ், ரயில், கடற்கரை எல்லாம் இலவசம், திரும்பும் ரயிலும் இலவசம். சிலோசோ கோட்டையைத் தவறவிடாதீர்கள். மரங்களின் உச்சியை ஒட்டிப் போகும் வான்நடைபாதையும், இரண்டாம் உலகப் போர்க்காலப் பீரங்கிகளும் சுரங்க அறைகளும் காசில்லாமல் பார்க்கக் கிடைக்கின்றன.

இன்னொரு நாள் இருந்தால் புலாவ் உபின் தீவு. தானா மேரா நிலையத்திலிருந்து 2-ஆம் எண் பஸ் சாங்கி வில்லேஜ் போகும். அங்கே படகுத்துறையில் பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் படகு கிளம்பும், தலைக்கு 4 வெள்ளி, ரொக்கம். அடுக்குமாடிகள் வருவதற்கு முந்தைய சிங்கப்பூர் எப்படி இருந்தது என்று அந்தக் கம்பத்து (கிராமத்து) வீடுகளையும் சதுப்பு நிலத்தையும் பார்த்தால் தெரியும்.

டிக்கெட் வாங்குவதானால் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். குழந்தைகள் இருந்தால் மண்டாய் விலங்குத் தோட்டம் அல்லது 1994-இல் தொடங்கிய இரவு விலங்குக் காட்சி. இல்லையென்றால் கரையோரப் பூந்தோட்டத்தின் கண்ணாடிக் குடில்களில் ஒன்றான மேகக்காடு. யுனிவர்சல் ஸ்டூடியோஸ் ஒரு முழு நாளையும் ஒருவரின் ஒன்றரை நாள் பட்ஜெட்டையும் எடுத்துக்கொள்ளும். சவாரிகளில் உண்மையான ஆசை இருந்தால் மட்டும் போங்கள். எதுவாக இருந்தாலும் வாசலில் வாங்காமல் இணையத்தில் விலை ஒப்பிட்டு முன்பே வாங்குங்கள்.

கவனத்தில் வைக்க வேண்டிய சட்டங்கள்

குப்பை போட்டால் முதல் முறையே 300 வெள்ளி அபராதம். இரவு 10.30 முதல் காலை 7 வரை பொது இடத்தில் மது அருந்தக்கூடாது, கடைகளிலும் விற்க மாட்டார்கள். லிட்டில் இந்தியாவில் சனி, ஞாயிறு முழுக்கவே பொது இடத்தில் குடிக்கத் தடை. புகைபிடிக்க மஞ்சள் கோடு போட்ட இடங்களைப் பாருங்கள். புறாவுக்கு இரை போடுவதும் குற்றம்.

கடைசி நாள்

சாக்லேட், தைலம், சோப்பு, சின்னப் பொருட்களை லிட்டில் இந்தியாவில் உள்ள முஸ்தபா கடைத்தொகுதியில் வாங்கலாம். நள்ளிரவு தாண்டியும் திறந்திருக்கும். அக்கம்பக்கத்து ஃபேர்பிரைஸ், ஷெங் சியோங் கடைகளில் அதே சாக்லேட்டின் விலையையும் பார்த்துவிடுங்கள், பல நேரம் அங்கே குறைவு.

ஒரே கடையில் ஒரே நாளில் 100 வெள்ளிக்கு மேல் வாங்கினால் பொருள் சேவை வரியைத் திரும்பப் பெறலாம். அந்தத் திட்டத்தில் உள்ள கடையா என்று கேட்டு, பணம் கொடுக்கும்போதே பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிய வேண்டும். அப்புறம் கேட்டால் நடக்காது. பொருளைப் பெட்டியில் போட்டு அனுப்புவதாக இருந்தால், விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைப்பதற்கு முன்பே வரி இயந்திரத்தில் பதிவு செய்துவிடுங்கள். சில நேரம் அதிகாரிகள் பொருளைக் காட்டச் சொல்வார்கள். காலை ஏழு, எட்டு மணி விமானம் என்றால் ஐந்தரைக்குக் கிளம்பும் முதல் ரயிலை நம்ப முடியாது. முதல் நாள் இரவு கடைசி ரயிலிலேயே சாங்கிக்கு வந்துவிடுங்கள். பொது இடத்தில் இருக்கைகளும் கழிப்பறையும் குடிநீரும் இரவு முழுக்க உண்டு. ஒரு போர்வையும் ஸ்வெட்டரும் கைப்பையில் இருந்தால் டாக்சிச் செலவும் ஓர் இரவு வாடகையும் மிச்சம்.